கோட்டைமேட்டில் மேற்பரப்புக் கள ஆய்வுக்கு அனுமதி கோரும் மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் தொல்லியல் ஆர்வலர்கள்,
அழகன்குளம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், இராமநாதபுரம்.

நாள்: ஆகஸ்ட் 2020

பொருள்: கொரோனா ஊரடங்குக் காலத்தில் தன்னார்வலர்கள் தொல்பொருட்களைப் பதிவு செய்ய அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். குறைதீர் கூட்டம் நடைபெறாததால் இம்மனுவைப் பெட்டியில் இடுகிறோம்.

வைகை முகத்துவாரத்தை ஒட்டிய எங்கள் ஊரின் கோட்டைமேட்டில் 1986 முதல் மாநிலத் தொல்லியல் துறை பல கட்டங்களாக அகழாய்வு செய்துள்ளது. ரோமானியக் காசுகளும், பழந்தமிழ் எழுத்தான தமிழ்பிராமி பொறித்த பானை ஓடுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்தது தாங்கள் அறிந்ததே. ஆனால் அகழாய்வுக் குழிகள் போட்டது கொஞ்ச இடத்தில்தான். மற்றதெல்லாம் தென்னந்தோப்பும் குடியிருப்பும்.

இப்போது அங்கே வீட்டு அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டினாலும் தென்னங்குழி வெட்டினாலும் கருப்பு சிவப்பு ஓடு, சங்கு வளையல் துண்டு, பாசிமணி என்று மேலே வருகின்றன. அந்த மண் அப்படியே டிராக்டரில் ஏறி வேறெங்கோ பள்ளம் நிரப்பப் போய்விடுகிறது. கிடந்த இடமும் ஆழமும் தெரியாத பானை ஓடுகளை வைத்து ஆய்வாளர்கள் அதிகம் சொல்ல முடியாது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருப்பதால் வெளியூர் ஆய்வாளர்களை உடனே அழைக்கவும் வழியில்லை. ஐப்பசி மழைக்கு முன் பதிவு செய்யாவிட்டால், வெட்டிப் போட்ட மண்ணில் கிடப்பதும் மழைநீரோடு அடித்துப் போய்விடும்.

நாங்கள் தோண்ட அனுமதி கேட்கவில்லை. கல்லூரி மூடியதால் ஊரிலிருக்கும் மாணவர்களும் கடலுக்குப் போகாத நாட்களில் மீனவ இளைஞர்களும், நான்கு பேருக்கு மிகாமல், முகக்கவசத்துடன், நில உரிமையாளர் சம்மதம் பெற்று நடந்து பார்ப்பார்கள். மேலே கிடப்பதை அளவுகோல் வைத்துப் படமெடுத்து, இடத்தைச் செல்போனில் குறிப்பார்கள். கீழடியில் மார்ச்சில் நின்ற அகழாய்வே மே மாதம் கட்டுப்பாடுகளோடு மீண்டும் தொடங்கியிருக்கிறது.

இன்னொரு கவலையும் உண்டு. காசு கிடைத்ததாகப் பேச்சு கிளம்பினாலே வாங்க ஆள் வந்துவிடுகிறது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைத் தங்களிடம்தான் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய் இன்று ஒரு டீக்குத்தான் சரி; அச்சட்டம் இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது.

எனவே, காவலர்கள் தடுத்தால் காட்ட ஓர் அனுமதிக் கடிதமும், கிடைப்பதைக் கிராம நிர்வாக அலுவலர் ரசீது கொடுத்துப் பெற்றுத் தொல்லியல் துறைக்கு அனுப்ப ஆணையும், கோட்டைமேட்டில் மண் அள்ளத் தடையும் வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம். செலவுத்தொகை எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அழகன்குளம் பொதுமக்கள்

(கையொப்பங்கள் தனித்தாளில்)