முதலீட்டை ஓராண்டு எண்ணால் எடைபோட முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியும் ஸ்பெயினும் தத்தம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எவ்வளவு பங்கை முதலீட்டுக்குச் செலவிடுகின்றன என்பதைத் தங்கள் வணிகப் பக்கத்தில் ஓராண்டுக்கு மட்டும் ஒப்பிட்டு, இரண்டும் 20 சதவீதத்தை ஒட்டி நிற்பதால் இரு நாடுகளும் ஒரே நிலையில் உள்ளன என்று எழுதியிருந்தீர்கள். எண்களில் பிழை இல்லை. ஆனால் அவற்றிலிருந்து பெறப்பட்ட முடிவை, பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னால் ஏற்க இயலவில்லை.

கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் ஒன்றாக இணைந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில், கிழக்குப் பகுதியைக் கட்டியெழுப்பும் பணியால் அந்நாட்டின் முதலீட்டு விகிதம் ஏறத்தாழ 25 சதவீதமாக இருந்தது. பின்னர் படிப்படியாக இறங்கி 2000களின் நடுவில் 20 சதவீத அளவில் தங்கியது. அதே காலத்தில் ஸ்பெயின் எதிர்த்திசையில் சென்றது. யூரோ வந்ததும் வட்டி குறைந்தது, கடன் எளிதாயிற்று, 2007இல் விகிதம் 30 சதவீதத்தைத் தொட்டது. அன்று அந்த இரு எண்களை மட்டும் பார்த்தவர் ஸ்பெயினையே முன்னோடி என்றிருப்பார். ஆனால் அந்த முதலீட்டில் பெரும்பங்கு வீடுகளுக்குப் போனது. 2006இல் மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. சியுடாட் ரியால் நகருக்கருகே பெரும் பொருட்செலவில் எழுந்த விமான நிலையம், பயணிகள் வராமல் 2012இல் மூடப்பட்டது. கட்டுமானம் சரிந்தபோது முதலீட்டு விகிதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்க, 2013இல் வேலையின்மை 26 சதவீதத்தை எட்டியது. எல்லாமே வீணாயிற்று என்று நான் சொல்லவில்லை: 1992இல் மாட்ரிட்–செவில் தடத்தில் தொடங்கிய அதிவேக ரயில் இன்று ஐரோப்பாவிலேயே மிக நீளமான வலைப்பின்னலாக வளர்ந்திருக்கிறது.

ஜெர்மனியின் 20 சதவீதத்தைச் சிக்கனம் என்று பலர் பாராட்டினார்கள். இந்த விகிதம் தேய்மானத்தை, அதாவது பழைய சொத்துகள் பயன்பாட்டில் இழக்கும் மதிப்பைக், கழிக்காத மொத்தக் கணக்கு என்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. 2000களின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் அந்நாட்டு உள்ளாட்சிகளின் புதிய முதலீடு, பழைய சொத்துகளின் தேய்மானத்துக்கே ஈடாகவில்லை. 2009இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட, அரசு வாங்கும் கடனுக்கான வரம்பு, கடன் வாங்கிக் கட்டும் வழியையும் குறுக்கியது. 2021 டிசம்பரில் லூடன்ஷைடு அருகே ஏ45 நெடுஞ்சாலையின் ராமெடெ பாலம் பாதுகாப்பற்றதென மூடப்பட்டு, 2023 மே மாதம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பாலம் மூடியது முதல் கனரக வண்டிகள் ஊருக்குள் திரும்பின. ஆண்டுக்கணக்கில் அல்லல்பட்டவர்கள் அவ்வூர் மக்கள். இறுதியில் 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, உள்கட்டமைப்புக்கென 50,000 கோடி யூரோ சிறப்பு நிதியை அந்நாடு ஒதுக்க வேண்டியதாயிற்று.

இவ்விரு கதைகளும் தனித்தனியானவை அல்ல. ஜெர்மனியில் முதலீடாகாத சேமிப்பின் ஒரு பகுதி வங்கிகள் வழியே ஸ்பெயினுக்குக் கடனாகச் சென்றது. 2007இல் நடப்புக் கணக்கில், அதாவது வெளிநாடுகளுடனான வணிக, வருமான வரவு செலவில், ஜெர்மனிக்குப் பெரும் உபரியும் ஸ்பெயினுக்குப் பெரும் பற்றாக்குறையும் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே, இத்தகைய ஒப்பீட்டை அடுத்த முறை வெளியிடும்போது 1995 முதலான வரிசையாகவும், வீடு, இயந்திரம், பொதுப்பணி எனப் பிரித்தும், தேய்மானம் கழித்த எண்ணையும் சேர்த்தும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகம் இவற்றைக் கட்டணமின்றி வெளியிடுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
திருநெல்வேலி