உப்பு வரியையும் எழுதுங்கள்: உலக வரலாற்றுப் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்கு இருபத்தேழு ஆண்டுகள் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஐரோப்பாவில் முடியாட்சிகள் வலுப்பெற்றதையும் தேசங்கள் உருவானதையும் கூறும் பாடத்தை நடத்தும்போதெல்லாம் ஒரே இடத்தில் இடறியிருக்கிறேன். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டுப் போர் 1337இல் தொடங்கி 1453இல் முடிந்தது என்று கரும்பலகையில் எழுதிய ஒரு நாளில், கடைசி வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "அத்தனை வருஷம் சண்டை போட அவங்களுக்குப் பணம் ஏது சார்?" என்று கேட்டாள். என் கையிலிருந்த நூலில் வென்றவர் பெயர் இருந்தது, தோற்றவர் பெயர் இருந்தது, உடன்படிக்கை கையெழுத்தான ஊரும் இருந்தது. அவள் கேட்டதற்கு விடையாக ஒரு வரிகூட இல்லை. நீங்கள் எழுதப்போகும் நூலிலாவது அது இருக்க வேண்டும் என்றே இம்மடலை எழுதுகிறேன்.

1356ஆம் ஆண்டு செப்டம்பரில் புவாத்தியே போர்க்களத்தில் பிரான்சு மன்னர் இரண்டாம் ஜான் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அவரை விடுவிக்க 30 லட்சம் பொற்காசுகள் மீட்புத் தொகை என்று 1360இல் பிரெத்தீஞி உடன்படிக்கையில் முடிவாயிற்று. அதைத் திரட்டுவதற்காக உப்பின் மீதும் மதுவின் மீதும் விற்பனைப் பொருள்களின் மீதும் வரி போடப்பட்டது. அவ்வாண்டில் அச்சிடப்பட்ட புதிய நாணயத்துக்கு 'பிராங்க்' என்று பெயர். அச்சொல்லுக்கு விடுதலை பெற்றவர் என்பது பொருள். மீட்புத் தொகை முழுவதும் ஒருபோதும் கட்டி முடிக்கப்படவில்லை. பிணையாக இருந்த மகன் தப்பியோடியதால் மன்னரே மீண்டும் இலண்டனுக்குச் சென்று 1364இல் அங்கேயே இறந்தார். ஆனால் அவர் பெயரால் போடப்பட்ட வரிகள் அவரோடு போகவில்லை. அவருடைய மகன் ஐந்தாம் சார்லஸ் 1380இல் மரணப்படுக்கையில், வீட்டுக்கு வீடு விதிக்கப்பட்ட அடுப்பு வரியை நீக்கினார். அவர் இறந்ததும் நிறுத்தப்பட்ட மற்ற வரிகள் மீண்டும் வந்தபோது 1382இல் பாரிசு மக்கள் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி அடக்கப்பட்டது, வரி நிலைத்தது.

முடியாட்சி வலுப்பெற்ற கதையை இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வேண்டுகோளின் சாரம். மன்னர்கள் வலிமை மிக்கவர்களாக இருந்ததால் பெரும் போர்களை நடத்தினார்கள் என்றே மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். போருக்காக வரி தண்டி, வரிக்காக அலுவலர்களை அமர்த்தி, அந்த அலுவலர்களின் கணக்கேடுகள் வழியாகவே மன்னரின் கை ஊர்தோறும் நீண்டது என்பதை அவர்கள் அறிவதில்லை. 1439இல் ஏழாம் சார்லஸ், படை திரட்டும் உரிமையும் பிரெஞ்சில் 'தாய்' (taille) எனப்பட்ட நேர்வரியை விதிக்கும் உரிமையும் மன்னருக்கு மட்டுமே உண்டு என்று ஆணையிட்டார். 1445இல் 15 படைப்பிரிவுகளை நிலையாக அமைத்தார். பணியாட்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 9,000 பேர். போர் முடிந்ததும் கலைந்து, கூலியின்றி ஊர்களைக் கொள்ளையிட்டுத் திரிந்த கூட்டங்களால் வதைபட்ட குடியானவர்கள், அந்த வரியைத் தீமைகளுள் சிறியதாகக் கருதியிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். ஆனால் பிரபுக்களும் மதகுருமாரும் அதிலிருந்து பெரிதும் விலக்குப் பெற்றார்கள். 1789இன் வேர் இங்கேதான் இருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சியைத் தனிப் பாடமாகத் துண்டித்து வைப்பதால் இந்தத் தொடர்பு மாணவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

முப்பதாண்டுப் போரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். 1648இல் அப்போரை முடித்த வெஸ்ட்பேலியா உடன்படிக்கையோடு நவீன அரசுகள் பிறந்துவிட்டன என்று எழுதுவது மிகையானது. ஜெர்மானிய நிலங்களைத் தழுவிய புனித ரோமப் பேரரசு அதன் பிறகும் 1806 வரை இருந்தது. அந்த ஒற்றை வாக்கியத்தை எழுதும் இடத்தில், அப்போரின்போது 1631 மே மாதம் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 20,000 பேர் மாண்டதை எழுதுங்கள்.

வரி தண்ட முடியாத அரசுக்கு என்ன நேர்ந்தது என்பதற்குப் போலந்து இருக்கிறது. அங்கு மன்னரைப் பிரபுக்களே தேர்ந்தெடுத்தார்கள். 1652இலிருந்து மன்றத்தின் ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் கூட்டமே கலைந்துபோகும் வழக்கம் வேரூன்றியது. 1717இல் படையின் அளவு 24,000 என்று வரம்பிடப்பட்டது. சுற்றியிருந்த பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ரஷ்யாவும் அதைப்போலப் பல மடங்கு படை வைத்திருந்தன. 1772, 1793, 1795 என மூன்று முறை பங்கிடப்பட்டுப் போலந்து அரசு வரைபடத்திலிருந்தே மறைந்தது. ஆயினும் 1918இல் அந்நாடு மீண்டெழும் வரை 123 ஆண்டுகள், அரசு இல்லாமலே போலந்து மக்கள் தம்மை ஒரு தேசமாகவே உணர்ந்து வாழ்ந்தார்கள்.

இதை நான் வகுப்பில் விளக்கும்போது நம் சொற்களே என்னைத் தடுத்தன. அரசு, நாடு, தேசம் என்ற மூன்றையும் பாடநூல்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்துகின்றன. சோழர் கல்வெட்டுகளில் 'நாடு' என்பது சில ஊர்கள் சேர்ந்த ஒரு பகுதி மட்டுமே என்று அறிந்த நாமே ஐரோப்பாவைப் பற்றி எழுதும்போது இவ்வளவு கவனமின்றி இருக்கலாகாது. பிரான்சில் அரசு முதலில் வந்தது, தேசம் மிகவும் பிந்தியே வந்தது. நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட வேண்டும் என்ற அரசாணை 1539ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1794இல் புரட்சி மன்றத்தின் உறுப்பினரான கிரெகுவார் பாதிரியார் அளித்த அறிக்கையோ, ஏறத்தாழ இரண்டு கோடியே எண்பது லட்சம் மக்களில் அம்மொழியைச் சரிவரப் பேசுவோர் 30 லட்சத்தைத் தாண்டமாட்டார்கள் என்கிறது. 1792 செப்டம்பர் 20 அன்று வால்மி களத்தில் பிரஷ்யப் படையை எதிர்த்து நின்ற பிரெஞ்சுப் படைவீரர்கள் 'தேசம் வாழ்க' என்று முழங்கினார்கள். மறுநாள் பாரிசில் முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 1793 ஆகஸ்டில் வந்த ஆணை இளைஞர்களைக் களத்துக்கும், பெண்களைக் கூடாரம் தைக்கவும் மருத்துவமனைகளில் பணிபுரியவும், சிறுவர்களைக் காயத்துக்குக் கட்டும் பஞ்சு திரிக்கவும் அழைத்தது. மன்னர்கள் வரி மட்டும் கேட்டார்கள். தேசம் ஆளையே கேட்டது. தேசியத்தை விடுதலையின் மொழியில் மட்டும் எழுதும் நூல்கள் இந்தப் பக்கத்தை விட்டுவிடுகின்றன. அந்த முழக்கத்தில் உண்மையான விடுதலை உணர்வும் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகவே மாணவர் முன் வையுங்கள்.

இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள், நம் பிள்ளைகளுக்கு எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். 1740 டிசம்பரில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக், ஆஸ்திரியாவின் வசமிருந்த சைலீசியாவைக் கைப்பற்றப் படை நடத்தியதில் ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் மூண்டது. அப்போர் பிரான்சையும் பிரிட்டனையும் எதிரெதிரே நிறுத்தியது. 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையில் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தது. 1748இல் ஏ-லா-ஷாப்பேல் உடன்படிக்கையின்படி, வட அமெரிக்காவின் லூயிபுர்க் கோட்டைக்கு ஈடாக அது ஆங்கிலேயரிடம் திருப்பித் தரப்பட்டது. சென்னையில் பிறந்த பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான ஐரோப்பிய வரலாறு வேறு எது?

நூலில் இடம் குறைவு என்பதை அறிவேன். ஆகவே கேட்பது ஒரே ஒரு பக்கம். 1781இல் பிரான்சின் நிதிப் பொறுப்பாளர் நெக்கேர் வெளியிட்ட அறிக்கையில் உப்பு வரியின் வரைபடம் ஒன்று உண்டு. அவ்வரி மிக அதிகமாக இருந்த பெருவரிப் பகுதியில் எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் அரசு குறித்த அளவு உப்பை அரசு குறித்த விலைக்கு வாங்கியே ஆக வேண்டும்; பக்கத்திலிருந்த பிரித்தானி மாகாணத்திலோ அவ்வரியே இல்லை. எல்லை தாண்டி உப்புக் கடத்தியவர்கள் பிடிபட்டால் கப்பல்களில் துடுப்பு வலிக்கும் தண்டனைக்கு அனுப்பப்பட்டார்கள். போர்க்களங்களைக் குறிக்கும் வரைபடத்தை அச்சிடும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த உப்பு வரைபடத்தை, ஊர்ப் பெயர்களைத் தமிழில் எழுதி அச்சிட்டுத் தாருங்கள். அன்று கேள்வி கேட்ட மாணவி இப்போது எங்கிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவள் இடத்தில் இன்று வேறொரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்