சில மாதங்கள் அல்ல, பத்தொன்பது மாதங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பிரதமர்களைப் பற்றி வந்த கட்டுரையில், "நேருவுக்கும் இந்திராவுக்கும் நடுவே சில மாதங்கள் பதவியில் இருந்த சாஸ்திரி" என்று ஒரு வரி. அவருக்கு அவ்வளவுதான் இடம். லால் பகதூர் சாஸ்திரி 1964 ஜூன் 9 முதல் 1966 ஜனவரி 11 வரை, பத்தொன்பது மாதங்கள் பிரதமராக இருந்தார். தங்களுக்குத் தெரியாததா? தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

1965 பாகிஸ்தான் போரின்போது எனக்கு ஒன்பது வயது. தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் ஊர். உணவுத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று அவர் கேட்டதிலிருந்து, திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா சோற்றுப் பானையைக் கழுவி அடுப்பின் மேலேயே கவிழ்த்து வைத்துவிடுவார். சின்னப் பிள்ளைகள் எங்களுக்கு மட்டும் நனைத்த அவலும் கொஞ்சம் வெல்லமும். அப்பா ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். நெல் விளைகிற ஊர் அது. யாரும் வந்து எட்டிப் பார்க்கப் போவதும் இல்லை.

அவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அதே ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் என் அண்ணன் மண்டை உடைந்து வந்தான். மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகுதான், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்ற நேருவின் வாக்குறுதி காப்பாற்றப்படும் என்று பிப்ரவரி 11 அன்று வானொலியில் பேசினார். அந்த அண்ணனும் திங்கட்கிழமைகளில் சாப்பிடாமல்தான் படுத்தான்.

அப்புறம் அரியலூர். 1956 நவம்பரில் மருதையாற்றில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது ரயில்வே அமைச்சர் அவர்தான். பொறுப்பேற்றுப் பதவி விலகினார். எங்காவது ரயில் கவிழ்ந்தால் தங்கள் தலையங்கத்துக்கு அவர் நினைவு வருகிறது. அவருக்கும் பிறந்தநாளான அக்டோபர் 2 வந்தால் காந்தி படத்துக்குக் கீழே தபால்தலை அளவில் ஒரு படம். ஜனவரி வந்தால், தாஷ்கண்டில் அவர் இறந்ததைப் பற்றி 'தாஷ்கண்ட் மர்மம்' என்று அரைப் பக்கம். வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த காஷ்மீரின் ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தரச் சம்மதித்து, பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோடு அவர் அங்கே கையெழுத்திட்டாரே, அதன் கனத்தைப் பற்றி ஒரு பத்தி கூட நான் படித்ததில்லை. இதையெல்லாம் முன்பே இரண்டு முறை எழுதி அனுப்பினேன். வெளிவரவில்லை, பதிலும் இல்லை.

இப்போது கேட்பது ஒன்றுதான். 'சில மாதங்கள்' என்பதைப் 'பத்தொன்பது மாதங்கள்' என்று மாற்றி, திருத்தம் பகுதியில் ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டு வாசகன்,
தஞ்சாவூர்.