தொடர் நாவல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு: எது முதல் புத்தகம் என்று அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். பல பாகங்களாக வரும் கதைகளைத் தேடித் தேடி வாசிக்கிறவன் நான். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். தொடரில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும், அது எத்தனையாவதாக வெளிவந்தது என்பதை வாசகர் கண்ணில் படும்படி அச்சிடுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு துப்பறியும் நாவல் வாங்கினேன். முன்னட்டையில் எண் இல்லை, முதுகிலும் இல்லை, உள்ளே தலைப்புப் பக்கத்திலும் இல்லை. தனி நாவல் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது அத்தியாயத்தில் நாயகி மேசை மேல் இருந்த ஒரு போட்டோவை எடுத்து, தூசியைத் துடைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கிறாள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று ஒரு வரி வருகிறது. அந்த 'அவர்' யாரென்று எனக்குத் தெரியாது, பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அது தொடரின் மூன்றாவது புத்தகம் என்பது பிறகுதான் தெரிந்தது. முதல் இரண்டையும் தேடி வாங்கி வாசித்தேன். இரண்டுக்கும் உயிராக இருப்பதே அந்த மனிதர்தான். அவர் சிரித்துப் பேசுகிற ஒவ்வொரு பக்கத்திலும் எனக்கு அந்தத் திருப்பி வைத்த போட்டோதான் தெரிந்தது. எழுதியவர் இரண்டு புத்தகம் முழுக்க எனக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு அடி, என் மேல் விழவே இல்லை. அந்தக் கதையை முதல் தடவை வாசிக்கும் வாய்ப்பு இனி எனக்குக் கிடையாது. அட்டையில் '3' என்று ஒரு எண் இருந்திருந்தால் போதும்.

எண் போடச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: எந்த வரிசையில் போடுவது? எழுதி வெளிவந்த வரிசையா, கதை நடக்கும் கால வரிசையா? முதல் வாசிப்புக்கு வெளிவந்த வரிசைதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். வாசகருக்கு இதுவரை என்ன தெரியும், எதைச் சொல்லலாம், எதை மறைக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் எழுத்தாளர் அடுத்த புத்தகத்தை எழுதுகிறார். முன்கதையைப் பின்னால் எழுதினாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை.

சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா என்ற கற்பனை உலகத்தின் கதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1950ல் முதலில் வந்தது, ஒரு சிறுமி அலமாரிக்குள் நுழைந்து பனிக்காட்டில் தனியே எரியும் விளக்குக் கம்பத்தைக் காணும் கதை. அந்த உலகம் உண்டான கதையும் அந்தக் கம்பம் அங்கே வந்த கதையும் 1955ல், ஆறாவது புத்தகமாக வந்தன. பிற்காலப் பதிப்புகள் கதைக்காலப்படி அடுக்கி, அந்த ஆறாவதற்கு 1 என்று எண் போட்டுவிட்டன. அப்படி வாசிக்கும் குழந்தைக்குக் காட்டுக்குள் கம்பம் ஏன் இருக்கிறது என்பது முன்பே தெரியும். 'இங்கே எப்படி ஒரு விளக்கு?' என்ற திகைப்பு அதற்குக் கிடைக்காது. 1950 புத்தகத்தில் அஸ்லான் என்ற சிங்கத்தின் பெயர் முதன்முதலில் வரும்போது, உங்களைப் போலவே அந்தக் குழந்தைகளுக்கும் அவர் யாரென்று தெரியாது என்கிறார் கதைசொல்லி. ஆறாவதை முதலில் வாசித்தவரிடம் அந்த வரி பொய்யாகிவிடுகிறது.

லூயிஸே 1957ல் ஒரு சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கதைக்கால வரிசைக்குத்தான் ஆதரவாகப் பேசினார் என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். அதே கடிதத்தில், எந்த வரிசையில் வாசித்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது என்ற பொருளிலும் எழுதியிருக்கிறார். அவர் சொல்லை மதிக்கிறேன். ஆனால் கடிதத்தைவிடப் புத்தகத்தில் அவர் எழுதிவைத்த வரியைத்தான் நான் நம்புவேன்.

நம் மொழியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கல்கி 'பார்த்திபன் கனவு' எழுதத் தொடங்கியது 1941ல், 'சிவகாமியின் சபதம்' 1944ல். கதைக்காலமோ தலைகீழ். பின்னால் எழுதிய சபதத்தில் நரசிம்மவர்மர் இளவரசர், முன்னால் எழுதிய கனவில் மகளுக்குத் தகப்பனான சக்கரவர்த்தி. சபதத்தை முதலில் முடித்துவிட்டு வருகிறவருக்கு, கனவில் கல்கி கடைசி வரை பொத்தி வைத்திருக்கும் ஒரு ஆளின் அடையாளம் அவர் தலையைக் காட்டியதுமே பிடிபட்டுவிடும். (யாரென்று இங்கே சொல்லமாட்டேன். இன்னும் வாசிக்காதவர்கள் இருப்பார்கள்.) கனவை முதலில் வாசித்தாலும் ஒரு இழப்பு உண்டு. சபதத்தில் நரசிம்மவர்மரின் வாழ்க்கை எந்தப் பக்கம் போகும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். ஆனால் கனவை வாசித்து முடித்தவர்கள் கண்முன்தான் கல்கி சபதத்தைத் தொடராக எழுதினார். முடிவு தெரிந்தவர்களையும் அவர் கலங்க வைத்தார் என்றால் அந்த இழப்பு அவர் கணக்கில் இருந்தது என்றுதான் பொருள். முதல் இழப்பு அப்படியல்ல, நாம் வரிசையை மாற்றியதால் வருவது.

எல்லாத் தொடருக்கும் இந்தக் கண்டிப்பு வேண்டாம். ஷெர்லாக் ஹோம்ஸின் 56 சிறுகதைகளில் பெரும்பாலானவற்றை எங்கே திறந்தும் வாசிக்கலாம். ஆனால் ஹோம்ஸ் அருவியில் விழும் 1893 கதையை, அவர் திரும்பி வரும் 1903 கதைக்கு முன் வாசித்தே ஆக வேண்டும். அங்கேயும் கதைக்காலப்படி அடுக்கினால் சிக்கல்தான். 1893 கதையில், ஹோம்ஸின் பெரிய எதிரியான மோரியார்ட்டியின் பெயரையே கேட்டதில்லை என்கிறார் அவருடைய நண்பரும் கதைசொல்லியுமான வாட்சன். 1914ல் தொடங்கிய 'பயத்தின் பள்ளத்தாக்கு' அதற்கு முந்தைய காலத்தில் நடக்கிறது, அதில் வாட்சனுக்கு மோரியார்ட்டியைப் பற்றி முன்பே தெரியும்! வெளிவந்த வரிசையில் போனால் இது ஒரு சின்ன முரண், கடந்து போய்விடலாம். கதைக்கால வரிசையில் போனால் வாட்சனுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர் குழம்புவார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். முதுகில் ஒரு எண். உள்ளே ஒரு பக்கத்தில் தொடரின் எல்லாத் தலைப்புகளும், முதலில் வெளிவந்த ஆண்டோடு. கதைக்கால வரிசையையும் தர விரும்பினால் அதன் கீழே சின்ன எழுத்தில் தாருங்கள், மறுவாசிப்புக்கு அதுவும் நல்ல வழி. தனியாக வாசிக்கக்கூடிய புத்தகம் என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், முதல் பாகம் கிடைக்கவில்லையே என்று அதை வாங்காமல் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னட்டைக் குறிப்பு எழுதுகிறவரிடம், முந்தைய பாகத்தின் முடிவை முதல் வாக்கியத்திலேயே போட்டு உடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தைத் திருப்பிப் பார்க்கிற எல்லோரும் இரண்டை முடித்தவர்கள் அல்ல.

இப்போதெல்லாம் யாருக்காவது தொடர் நாவல் பரிசளித்தால், முதல் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் எண் எழுதித்தான் கொடுக்கிறேன். கையில் இருக்கும் தொடர்கள் எல்லாவற்றுக்கும் ஆண்டுவாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். மறுபதிப்புக்கு முன் சரிபார்க்க அது உதவும் என்றால் கேளுங்கள், அன்றே அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்