ஞாயிறு வாசிப்பு: இழப்பும் மூளையும்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு மதியம் 3 மணிக்குக் கோத்தகிரியில் வழக்கமான இடத்தில் கூடுகிறோம். சாயங்காலமானால் ரோட்டில் காட்டெருமை நிற்கிறது, அதனால் 5 மணிக்கு முடித்துவிடலாம். அரவேணு பக்கம் போகிறவர்கள் சேர்ந்தே கிளம்புங்கள்.

இந்த முறை அரிசோனா பல்கலைக்கழக உளவியலாளர் மேரி ஃபிரான்சிஸ் ஓ'கானர் நெருங்கியவரை இழந்த துயரத்தைப் பற்றி 2022-ல் வெளியிட்ட நூலிலிருந்து சில பக்கங்கள். தமிழில் சுருக்கம் சொல்லிக்கொண்டே போவோம், ஆங்கிலம் வராதே என்று யாரும் தயங்க வேண்டாம்.

அவர் சொல்வதில் என்னை உலுக்கியது இது: நெருங்கியவர் எங்கே, எப்போது வருவார் என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆள் போன பிறகும் அந்தக் கணக்கு உடனே மாறுவதில்லை. டீ ஃபேக்டரி ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குக் கை தானாக இரண்டாவது டம்ளரை எடுப்பது அதனால்தான். புத்தி பேதலிக்கவில்லை. நாளாக நாளாகத்தான் மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. அவரது குழுவின் 2008 ஆய்வில், துயரம் நீண்டுபோனவர்கள் இறந்தவரின் படத்தைப் பார்த்தபோது, ஆசையோடும் ஏக்கத்தோடும் தொடர்புள்ள மூளைப் பகுதியும் இயங்கியது. "இன்னுமா அழுகிறாய்?" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

பேச விருப்பமில்லை என்றால் சும்மா வந்து உட்காருங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டோம். அப்புறம், இது சிகிச்சை இல்லை. தூக்கமில்லாமல், சாப்பிட முடியாமல் இருப்பவர்கள் ஞாயிறு வரை காத்திருக்காமல் 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநலத் தொலைபேசி சேவை, தமிழிலேயே பேசலாம்.