தண்ணீரில் மிதந்த சுக்கினி

செல்லம்மா,

நேற்று நீ அனுப்பிய சுக்கினி கேசரோல் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா, "கேசரோல்னு சொன்னா, ரசம் மாதிரில்ல இருக்கு" என்றாள். நான் சிரிக்கவில்லை, போன ஆகஸ்டில் நியூ ஜெர்சியில் உன் அடுப்படியில் நானும் அதையே செய்து கெடுத்தவன்தானே. (அங்கே கேசரோல் என்றால் ஓவனில் வேகவைக்கிற பதார்த்தம், இங்கே சப்பாத்தி ஆறாமல் வைக்கிற ஹாட்பாக்ஸ், அதை எதற்கு ஓவனில் வைக்கிறாள் என்று உன் அத்தைக்கு இன்னும் குழப்பம்.)

வெள்ளரிக்காய் மாதிரி இருந்தாலும் சுக்கினி பூசணி இனத்துக் காய், 100 கிராமில் ஏறக்குறைய 95 கிராம் தண்ணீர்தான். அதைக் கழிக்காமல் மேலே சீஸைப் போட்டு மூடினால் எங்கே போகும்? அம்மா புடலங்காயை நறுக்கி உப்புப் பிசறி வைத்து, பிழிந்த பிறகுதான் தாளிப்பாள், பார்த்திருக்கிறாய். ஆனால் உனக்கு பிரஷர் இருக்கிறது, அதனால் உப்பு வேண்டாம். கால் அங்குல வில்லைகளாக நறுக்கி, ட்ரேயில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஓவனில் 425 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு 15, 20 நிமிடம் வெறுமனே வாட்டி எடு, ஓரம் சிவந்து சுருங்கியிருக்க வேண்டும். தோலைச் சீவாதே.

அப்புறம் அந்த டப்பா க்ரீம் சூப்பை விட்டுவிடு, உன்னைக் குறைக்கச் சொன்ன உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அரை கப் கெட்டித் தயிர், 2 முட்டை, 2 ஸ்பூன் கடலை மாவு, பூண்டு, மிளகு எல்லாம் சேர்த்து நன்றாக அடித்துக்கொள். தயிர் திரியாமல் கடலை மாவு பிடித்துக்கொள்ளும், மோர்க்குழம்புக்குப் பருப்பு அரைத்து ஊற்றுவது போலத்தான். வெந்த கொண்டைக்கடலை ஒரு கப் போடு, இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும், 100 கிராம் சுக்கினியில் 17 கலோரிதான் இருக்கிறது. சீஸ் மேலே மட்டும், ஒரு கைப்பிடி. 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் அரை மணி நேரம். எடுத்த உடனே கத்தியை வைக்காதே, 10 நிமிடம் பொறு, நான் பொறுக்காமல் வெட்டி அள்ளியது உனக்கு ஞாபகம் இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே நீட்டுகிற முழங்கை நீளக் காய்க்கு மயங்காதே. உள்ளே விதையும் பஞ்சும்தான், வழித்து எறிந்தால் பாதி மிஞ்சும். ஒரு சாண் நீளக் காய்தான் சரி. வீட்டுத் தோட்டத்துக் காய் எதுவானாலும் முதலில் ஒரு துணுக்கைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார், கசந்தால் யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடு. கசக்கிற சுரைக்காயில் இருக்கிற அதே குக்குர்பிட்டாசின் என்கிற கசப்பு நச்சுதான், வேகவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்து படம் அனுப்பு. அம்மாவுக்கு இல்லை, முதலில் எனக்கு.

அப்பா