பென்னிகுக் என்றால் குயில் குன்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முல்லைப் பெரியாறு அணை பற்றிய தங்கள் கட்டுரையில், அதைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுயிக்கின் பெயருக்கு 'பென்னி' காசு, 'குயிக்' விரைவு என்று பொருள் சொல்லப்பட்டிருந்தது. அது தவறு. தேனி பேருந்து நிலையத்துக்குச் சூட்டிய பெயர் அது. கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கும் வைக்கிறார்கள். அந்தப் பெயரின் பொருள் பிழையாகப் பரவக் கூடாது.

அது ஓர் ஊரின் பெயர். ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில், வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் அந்த ஊர் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் 'பெனிகுக்' என்பார்கள். நிலத்துக்குரிய குடும்பம் ஊர்ப்பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1654-இல் ஜான் கிளார்க் என்ற வணிகர் அந்த எஸ்டேட்டை வாங்கிய பிறகும், பெயர் பழைய குடும்பத்தாரிடமே தங்கிவிட்டது.

ஊருக்கு அந்தப் பெயர் ஆங்கிலத்திலிருந்து வரவில்லை. ஆங்கிலம் வேரூன்றும் முன்பு அந்த வட்டாரத்தில் வழங்கியது, இன்றைய வேல்ஸ் மொழிக்கு உறவான பழைய பிரிட்டானிக் மொழி. அதில் 'பென்' என்றால் தலை, உச்சி. 'கோக்' என்றால் குயில். வேல்ஸ் மொழியில் இன்றும் அந்தச் சொல் உண்டு. இரண்டுக்கும் நடுவில் வரும் 'ய்', ஆங்கிலத்தின் 'தி' போன்ற வெறும் சுட்டு. அது 'பென்'னோடு ஒட்டிக்கொண்டதால்தான் 'பென்னி' ஆயிற்று. மூன்றும் சேர்ந்தால் குயில் குன்று. தேனி மாவட்டத்து மயிலாடும்பாறையை நினைத்துக்கொண்டால் போதும், அந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பெயரிட்டார்கள் என்பது விளங்கிவிடும்.

'குயிக்' என்று நாம் வாசிப்பது எழுத்து செய்யும் மயக்கம். விரைவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'க்யூ' எழுத்தில் தொடங்கும். கர்னலின் பெயரில் அந்த இடத்தில் இருப்பது 'சி'. அதை அடுத்து வரும் 'யு', 'ஐ' இரண்டும் பழைய ஸ்காட்ஸ் எழுத்துமுறையில் ஒரே உயிரொலி. புத்தகத்தைக் குறிக்கும் 'புக்' என்ற சொல்லையும் அங்கே 'யு', 'ஐ' போட்டுத்தான் எழுதினார்கள். ஆகவே 'குக்'தான் சரி. இதே குடும்பப் பெயரைச் சிலர் சமையல்காரரைக் குறிக்கும் 'குக்' போலவே இரண்டு 'ஓ' போட்டு எழுதுவதும் இதற்குச் சான்று. ஆனால் சமையலுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

'குயிக்', 'குயில்' என்ற ஒலி ஒற்றுமையை வைத்து இதைத் தமிழ்ச் சொல் என்பாரும் உண்டு. அந்த 'யி' நம் வாசிப்புப் பிழையில் முளைத்தது. அதன்மேல் எதையும் கட்ட முடியாது.

குடும்பப் பெயர்களுக்குப் பொருள் காண்பவர்கள் முதலில் அதன் பழைய எழுத்து வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு அந்தப் பெயரில் ஊர் உண்டா, ஊரார் எப்படி உச்சரிக்கிறார்கள், பெயரிட்ட காலத்தில் அங்கே என்ன மொழி வழங்கியது என்று கேட்க வேண்டும். பொருள் கடைசியில் வரட்டும். இன்றைய அகராதியை முதலில் திறப்பதால்தான் காசும் வேகமும் வந்து புகுந்துவிடுகின்றன.

1841-இல் புனேயில் பிறந்து, 1895-இல் அணையைக் கட்டி முடித்தவரின் பெயரை இனியாவது 'பென்னிகுக்' என்றே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், உத்தமபாளையம்